தேவகி மிஸ்ஸி எங்களிடம் சொன்னது

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். மலேசியாவில், சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் மருத்துவமனை, இரண்டாம் மாடி வார்டு. என் மகள் ரேச்சல் கண்ணைத் திறந்து, "அம்மா, தோள்பட்டை வலிக்குது" என்றாள்.

வயிற்றில் அறுவை நடந்தவளுக்குத் தோள் ஏன் வலிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. படுத்த விதம் சரியில்லை என்று நினைத்துத் தலையணையை மாற்றி வைத்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது. குளிர்சாதனக் குளிர் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அன்று காலையில்தான் அறுவை முடிந்திருந்தது. லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளைகள் இட்டு, குழாய்க் கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் அறுவை) என்றார்கள். செய்த நிபுணர், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, அலோர் ஸ்டாரில் இன்னொரு மருத்துவமனையில் அவருக்காகக் காத்திருந்தவர்களைப் பார்க்கப் புறப்பட்டுப் போயிருந்தார்.

மணியை அழுத்தினேன். வார்டின் மூத்த தாதி தேவகி வந்தார். இங்கே தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். தேவகி மிஸ்ஸிக்கு நாற்பதைத் தாண்டிய வயது, பாலிங்கிலிருந்து தினமும் காரில் வருகிறவர். ரேச்சலின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். வயிற்றை இரண்டு விரலால் மெல்ல அழுத்தியதும் பிள்ளை முனகினாள். மிஸ்ஸியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் பேச்சு நின்றுவிட்டது.

அவர் நிபுணரைத் தொலைபேசியில் அழைத்தார். துடிப்பு ஏறுகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது, வயிறு இறுகுகிறது என்று சொன்னார். அறுவைக்காக வயிற்றுக்குள் செலுத்திய வாயு தோளில் வலியைத் தரும், வலி மருந்து கொடுங்கள் என்று பதில் வந்தது. வாயு அப்படி வலிக்கச் செய்வது உண்மைதான். உள்ளே இரத்தம் கசிந்து உதரவிதானத்தை (வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் தசை) தொட்டாலும் தோள்தான் வலிக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

தேநீர் வாங்கப் போன என் கணவர் ஜோசப் திரும்பி வந்தார். விவரத்தைக் கேட்டுவிட்டு, "காத்துதானாம் லா எஸ்தர். நீ பயந்தா பிள்ளையும் பயப்படுது" என்றார்.

மிஸ்ஸி சொல்லி நான் கவுண்டரில் இன்னொரு போர்வை வாங்கி வந்தபோது, அவர் இரண்டாம் முறை தொலைபேசியில் பேசி முடித்திருந்தார். என்னைக் கதவோரம் அழைத்தார்.

"அக்கா, மறைக்காம சொல்றேன். இது காத்து வலி மட்டும் இல்லன்னு எனக்குத் தோணுது. உள்ள ரத்தம் கசியுதோன்னு பயமா இருக்கு. டாக்டர் நேர்ல வந்து பார்க்கணும்னு நீங்க கேளுங்க. மெதுவா கேட்காதீங்க."

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருக்கிறேன். படித்திருக்கிறேன், மூன்று மொழி பேசுவேன். ஆனாலும் வெள்ளைக் கோட்டைக் கண்டால் 'சரிங்க டாக்டர்' என்பதைத் தவிர வேறு சொல் வாயில் வந்ததில்லை. அன்று கவுண்டரில் நின்று கத்தினேன். வார்டில் இருந்த இளம் மருத்துவர் நிபுணரின் பேச்சை மீறத் தயங்கினார். தேவகி மிஸ்ஸி தயங்கவில்லை. கீழே அறுவைக் கூடத்துக்கு அவரே இறங்கிப் போய், மயக்க மருந்து நிபுணரைக் கையோடு கூட்டி வந்தார். அவர் ரேச்சலைப் பார்த்த மறுகணமே இன்னோர் அறுவை மருத்துவரை அழைத்தார். பொழுது சாய்வதற்குள் வயிற்றைத் திறந்து, தேங்கியிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். வலது சினைப்பையைக் காப்பாற்ற முடியவில்லை.

சினைப்பை. இந்தச் சொல்லை எழுதுவதற்கு எனக்கு இத்தனை பத்திகள் தேவைப்பட்டிருக்கின்றன.

ரேச்சலுக்கு வயது பத்தொன்பது. ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளி வகுப்பு) படிக்கிறாள். பல மாதங்களாக வலியோடு இருந்தாள். ஒவ்வொரு முறையும் சுடுதண்ணீர்ப் பையைக் கொடுத்து, "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்" என்றேன். ஒருநாள் பள்ளியில் மயங்கி விழுந்தபிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். சினைப்பையில் கட்டி. புற்று இல்லை என்றார்கள். உங்கள் வீட்டுப் பெண் மாதவிடாய் இல்லாத நாளிலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், தயவுசெய்து ஸ்கேனுக்குக் கூட்டிப் போங்கள்.

உறவினர்களிடம் அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) அறுவை என்றோம். நானும் கணவரும் ஆலோசிக்கக்கூட இல்லை, இருவர் வாயிலும் அதுவே வந்தது. அப்பெண்டிக்ஸ் என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கர்ப்பப்பைப் பக்கம் கத்தி பட்டது என்றால் சிடாம் கிரியில் இருக்கும் என் நாத்தனார்முதல் எல்லாரும் கேட்பார்கள், சில பேர் கேட்காமலே பதிலும் வைத்துக்கொள்வார்கள். ஒரு சினைப்பை போதும், மாதவிடாயும் வரும், குழந்தையும் பிறக்கும் என்று இரண்டாம் அறுவை செய்த மருத்துவர் தெளிவாகச் சொன்னார். நான் அதை என் மகளிடம் சொல்வதற்கே பல நாள் எடுத்துக்கொண்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் இருந்தபோது முதல் நிபுணர் வந்தார். கதவுக்கு வெளியே என் கணவரை நிறுத்திப் பேசினார். இப்படி நடப்பது அபூர்வம், யாருடைய தவறும் இல்லை என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேச்சல் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த வாரங்களைப் பற்றி அதிகம் எழுதத் தெரியவில்லை. முதலில் உட்கார வைத்தோம். பிறகு நிற்க வைத்தோம். சிரித்தால் தையல் வலித்தது, அதனால் அவள் தன் அப்பாவை அறைக்குள் வரக் கூடாது என்று தடை போட்டாள். அவர் நடக்கும் நடையே சிரிப்பாக இருக்கிறதாம். நான் அவள் தூங்கும்போது மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போதும் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டிவிடுகிறேன். "உயிரோடதான்மா இருக்கேன்" என்று உள்ளிருந்து பதில் வரும்.

தையல் பிரிக்கப் போனபோது தேவகி மிஸ்ஸி வார்டில் இல்லை. கீழே பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தனை வருட அனுபவம் உள்ள தாதி.

"என்ன மிஸ்ஸி, இங்க?" என்றேன்.

"நம்பர் கூப்பிடவும் ஆள் வேணும்ல கா. என் குரல் நல்லா இருக்குதாம்" என்று சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "சம்பவ அறிக்கை எழுதுனேன். முன்னாடியும் எழுதியிருக்கேன். டாக்டர் கத்தியை வச்சிட்டு வேற ஊருக்குப் போயிடுறாரு, இங்க பார்க்க ஆள் இல்ல. இந்தத் தடவை எழுதுனதும் மாத்திட்டாங்க. விடுங்க கா, நீங்க பிள்ளையப் பாருங்க."

சம்பவ அறிக்கை என்பது சிகிச்சையில் ஆபத்து நேரும்போது ஊழியர் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுப்பது. எழுத வேண்டும் என்பது மருத்துவமனையின் விதி. எழுதினால் என்ன ஆகும் என்பது எந்த விதியிலும் இல்லை.

எங்கள் சபையில், பிழைத்து வந்தவர்கள் சாட்சி சொல்வது வழக்கம். ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மையைச் சபையார் முன் சொல்ல வேண்டும். ஜோசப் அந்த வாரம் முழுவதும் என்ன சொல்லலாம் என்று கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். அப்பெண்டிக்ஸ் என்றே சொல்ல வேண்டும் என்பதில் இருவரும் மிகக் கவனமாக இருந்தோம்.

"என் மகளுக்கு அப்பெண்டிக்ஸ் ஆப்பரேஷன் நடந்துச்சு," என்று ஆரம்பித்தார். "டாக்டர் வரல. போன்லயே காத்துன்னு சொல்லிட்டாரு. கர்த்தர் தேவகி மிஸ்ஸியை அனுப்பினாரு. உள்ள ரத்தம் கசியுதுன்னு எங்ககிட்ட வெளிப்படையா சொன்ன ஒரே ஆளு அவங்கதான். அவங்களுக்காக ஜெபம் பண்ணுங்க." சபை அல்லேலூயா சொன்னது. எனக்கும் பெருமையாக இருந்தது. ரேச்சல் மட்டும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் சபையில் ஆராதனையை நேரலையில் போடுகிறார்கள். மறைக்க நினைத்ததை நன்றாக மறைத்துவிட்டு, அந்த அம்மாவின் பெயரை ஊருக்கு அறிவித்துவிட்டோம்.

சில நாள் கழித்து ஒரு மாலை, மருத்துவமனையின் வாடிக்கையாளர் உறவு அதிகாரி வாசுகி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பழக்கூடை. ரேச்சல் டியூஷன் போயிருந்தாள்.

"உங்க சாட்சியைப் பார்த்தோம் அண்ணே. மேலிடத்துலயே பார்த்தாங்க. மனசைத் தொட்டுடுச்சு," என்றார். "ஒரு சின்ன விஷயம்தான். தேவகி உங்ககிட்ட பேஷன்ட் விவரத்த அனுமதி இல்லாம சொன்னாங்க, டாக்டர் மேல சந்தேகம் வர்ற மாதிரி பேசுனாங்கன்னு ஒரு கையெழுத்து. அவங்களுக்கு விளக்கம் கேட்டு லெட்டர் போயிருக்கு. விசாரணை இருக்கு."

ஜோசப் திகைத்துப் போய், "நான் நன்றிதானம்மா சொன்னேன்?" என்றார்.

"அது புரியுது அண்ணே. ஆனா நீங்க சர்ச்சுல அப்பெண்டிக்ஸ்னு சொன்னீங்க. அது உங்க விருப்பம், நாங்க ஒண்ணும் கேட்கல." வாசுகி என்னைப் பார்த்தார். "விசாரணை பெருசா போனா ஃபைலத் திறப்பாங்க. நாலு பேரு பார்ப்பாங்க. கல்யாணம் ஆகாத பிள்ளை, அக்கா. நானும் ஒரு பெண்ணைப் பெத்தவதான்."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஜோசப்பின் கை அதன் பக்கம் போனது. நான் பழக்கூடையைத் தூக்கி வாசுகியின் மடியில் வைத்து, "யோசிச்சு சொல்றோம்" என்றேன். இதைவிட நல்ல வாக்கியங்கள் அவர் போனபிறகு நிறைய தோன்றின.

அந்தச் சனிக்கிழமை நான் தனியே பாலிங்குக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். ரப்பர் மரங்களுக்குப் பின்னால் சின்ன வீடு. தேவகி மிஸ்ஸியைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் கணவர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, "நல்ல வேளை வந்தீங்க. ஆஸ்பத்திரி இல்லாம இவளுக்கு முடியல லா. ஒரு நாளைக்கு நாலு தடவை எனக்கு பிரஷர் பார்க்குறா. நல்லா இருந்த மனுசனுக்கே பிரஷர் வந்துடும்" என்றார்.

மிஸ்ஸி அவரை முறைத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னார். குற்றச்சாட்டு, நோயாளியின் இரகசியத்தை வெளியிட்டது. நிரூபணமானால் வேலை போகும். தாதியர் வாரியத்துக்கும் எழுதுவார்களாம், அப்படி எழுதினால் வேறு எங்கும் தாதியாக இருக்க முடியாமல் போகலாம். அறிக்கையைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

"நாங்கதானே மிஸ்ஸி உங்களை மாட்டி விட்டோம்" என்றேன்.

"சாட்சி இல்லன்னா வேற எதையாவது கண்டுபிடிச்சிருப்பாங்க கா. என் ஷூ கறுப்பா இல்லன்னு எழுதியிருப்பாங்க."

"நான் வந்து பேசுறேன்."

"வேணாம். வந்தா பிள்ளை விஷயம் வெளிய வரும். பிள்ளையை இதுல இழுக்கவே கூடாது. நான் அதுக்காக ஒண்ணும் அன்னைக்கு அப்படிச் செய்யல."

திரும்பி வரும் வழியில், அன்று அவர் 'வேண்டாம், நமக்கு ஏன்' என்று நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். காரை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. அழுது முடித்து மறுபடி சாவியைத் திருப்பியபோது எனக்குள் ஒரு முடிவு இருந்தது. பயம் போய்விடவில்லை. பயத்தோடேயே போகலாம் என்று மட்டும் தெரிந்தது.

வீட்டில் ஜோசப்போடு பெரிய வாக்குவாதம். ரேச்சலின் அறைக் கதவை மூடிவிட்டு, குரலை அடக்கிக்கொண்டு சண்டை போட்டோம்.

"கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும் எஸ்தர்."

"யாருக்கு முடியும்?"

"நாளைக்கு நம்ம பிள்ளை பேரு கெட்டா?"

"நம்ம பிள்ளை இருக்கிறதுனாலதானே பேரைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்?"

அவர் வெளியே போய் வெறும் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். கோபம் வந்தால் அப்படித்தான்.

நான் என் வாக்குமூலத்தை எழுதினேன். அன்று பிற்பகல் என்ன கண்டேன், யார் வந்தார், யார் வரவில்லை என்பதை மட்டும் எழுதினேன். எந்த உறுப்பு என்பதை எழுதவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நிலை வந்தால், நடந்ததை நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள். உங்களுக்காகக் குரல் கொடுத்த தாதியின் பெயரை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்பதை முதலில் அவரிடமே கேளுங்கள். நன்றி சொல்வதற்குமுன் கேளுங்கள்.

விசாரணை நாள் காலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கீழ்த்தளத்தில் ஒரு சந்திப்பு அறை, அதற்கு வெளியே நீண்ட நடைக்கூடம். தேவகி மிஸ்ஸி பச்சைச் சுடிதாரில் உட்கார்ந்திருந்தார். சீருடை போட்டு வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். துணைக்கு ஒரு சக ஊழியரைக் கூட்டி வரலாம் என்று விதி இருந்தது. வருகிறேன் என்ற தோழிக்கு அன்று காலை காய்ச்சல் வந்துவிட்டதாம்.

"நிஜமாவே காய்ச்சலா இருக்கும் கா. பயந்தா எனக்கும்தான் சூடு ஏறும்," என்றார் மிஸ்ஸி. என்னைக் கண்டதில் அவருக்குக் கோபமா ஆறுதலா என்று தெரியவில்லை. ஆனால் என் கையை விடவில்லை.

வாசுகி வந்தார். நான் தாளை நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

"மன்னிச்சுக்குங்க மேடம். நீங்க பேஷன்ட் இல்ல. உங்க மகளுக்குப் பத்தொன்பது வயசு, சட்டப்படி பெரியவங்க. அவங்க சிகிச்சையைப் பத்திப் பேசவே உங்களுக்கு உரிமை இல்ல. குற்றச்சாட்டே அதுதானே? அவங்களைக் கேட்காம அம்மாகிட்ட சொன்னது."

அறுவைக்கு முன்னால் ஒப்புதல் படிவத்தை நீட்டி, இங்கே நீங்களும் போடுங்கள் என்று என் கணவரிடம் கையெழுத்து வாங்கிய மருத்துவமனை இது. நிபுணர் ஒவ்வொரு விவரத்தையும் அவரிடம்தான் சொன்னார். அப்போது யாருக்கும் அவள் வயது நினைவில்லை. சொன்னேன். வாசுகி கதவை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நோய் வந்த வீட்டில் நேரம் நேராக நடப்பதில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ரேச்சல் ஒரே சமயத்தில் கைக்குழந்தையாகவும், வெளுத்த உதட்டோடு கிடந்தவளாகவும், குளியலறைக் கதவுக்குப் பின்னால் சிரிப்பவளாகவும் இருந்தாள். அந்த உடம்பை நான் குளிப்பாட்டியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், அதற்காகப் பொய் சொல்லியிருக்கிறேன். என்னுடைய உடம்பின் ஒரு பகுதிதான் வெளியே நடமாடுகிறது என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எங்கள் வாயை அடைக்க வாசுகி சொன்ன அந்த வாக்கியத்தில் ஓர் உண்மை இருந்தது, அதுதான் எரிச்சலாக இருந்தது.

இதை எழுதும்போது விசாரணையின் முடிவு இன்னும் வரவில்லை. தேவகி மிஸ்ஸி இன்னும் பாலிங்கில்தான் இருக்கிறார். நான் சுகாதார அமைச்சுக்கும் எழுதிவிட்டேன், பதில் வரும்வரை எழுதிக்கொண்டிருப்பேன். நான் எழுதிய இந்தப் பக்கங்களை ரேச்சல் வாசித்துவிட்டாள். ஓரிடத்தில் நான் போட்டிருந்த மழுப்பலான சொல்லை அடித்துவிட்டு, 'சினைப்பை' என்று அவளே எழுதித் தந்தாள்.

விசாரணை நாளன்று அந்த அறைக்குள் மிஸ்ஸியைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். அப்போது நடைக்கூடத்தின் மறுகோடியில் கண்ணாடிக் கதவு திறந்தது. பள்ளிச் சீருடையில் ரேச்சல் வந்தாள். பின்னால் அவள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஜோசப். அவர்தான் பள்ளிக்குப் போய், எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இந்த விசாரணை விஷயத்தில் அவளிடம் ஒருவர் ஏதாவது சொன்னது அதுவே முதல் தடவை.

மிஸ்ஸியைக் கூப்பிட வெளியே வந்திருந்த வாசுகி வாசலை மறித்து, "நீங்க யாரு?" என்றார், தெரிந்துகொண்டே.

"நான்தான் பேஷன்ட்," என்றாள் ரேச்சல். இன்னும் முழுமூச்சு எடுக்க முடியாததால் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். என் பக்கம் திரும்பவில்லை. "வலது சினைப்பையை எடுத்துட்டாங்க. அப்பெண்டிக்ஸ் உள்ளதான் இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கு மிஸ்ஸி முதல்ல எங்கிட்டதான் கேட்டாங்க, 'அம்மாகிட்ட சொல்லட்டுமா'ன்னு. சொல்லுங்கன்னேன். அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட கேட்டது அவங்க ஒருத்தங்கதான்."